ஆங்கில இலக்கணத் திருத்தச் செயலிகள்: தமிழில் யோசித்து எழுதுவோருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

ஆங்கிலத்தில் எழுதும்போது பிழையான சொல்லின் கீழ் கோடு போட்டு, பக்கத்திலேயே திருத்தத்தையும் காட்டும் செயலிகள் உலாவி, கைப்பேசி விசைப்பலகை, சொற்செயலி என்று ஏதோ ஒரு வழியாக நம் எல்லாரிடமும் வந்து சேர்ந்துவிட்டன. கிராமர்லி, லேங்குவேஜ்டூல், மைக்ரோசாஃப்ட் வேர்டுக்குள் இருக்கும் எடிட்டர் ஆகியவை பலரும் அறிந்த பெயர்கள். அவற்றுள் எது முந்தியது என்று வரிசைப்படுத்துவது இந்த மதிப்புரையின் நோக்கம் அன்று. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, அலுவலக மின்னஞ்சலையோ விண்ணப்பக் கடிதத்தையோ ஆய்வுக் கட்டுரையையோ ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும் ஒருவர் வழக்கமாகச் செய்யும் பிழைகளில் எவை இந்த வகைச் செயலியிடம் சிக்குகின்றன, எவை தப்பிவிடுகின்றன, பிழையே இல்லாத எந்த இடங்களில் அது கைவைக்கிறது என்பவற்றையே இங்குப் பார்க்கிறேன். நான் அன்றாடம் பயன்படுத்துவது உலாவியில் நீட்சியாக (எக்ஸ்டென்ஷன்) சேர்க்கும் ஒரு செயலி. கீழே வரும் குறைகள் ஏறத்தாழ இந்த வகை முழுவதற்கும் உரியவை என்பதால் அதன் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வாக்கியத்தின் வடிவம் உடைந்திருந்தால் இச்செயலிகள் பெரும்பாலும் பிடித்துவிடுகின்றன. அந்த வேலையில் மனிதருக்கு வரும் அசதி அவற்றுக்கு வருவதில்லை. வடிவம் சரியாக இருந்து, எழுதியவர் சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை வாக்கியம் சொல்லும்போது அவை வாய் திறப்பதில்லை. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு அதிகத் தொந்தரவு தருபவை இந்த இரண்டாம் வகைப் பிழைகளே.

செயலி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த வேறுபாடு வியப்பளிக்காது. 1970களின் இறுதியில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் கணினிகளுக்காக உருவான ரைட்டர்ஸ் ஒர்க்பெஞ்ச் தொகுப்பும், 1981இல் வெளிவந்த கிராமாட்டிக் மென்பொருளும் வாக்கியத்தின் இலக்கணத்தை முழுமையாக அலசிப் பார்த்தவை அல்ல. தேய்ந்துபோன தொடர்கள், நிறுத்தற்குறிப் பிழைகள், ஒரே சொல் அடுத்தடுத்து இருமுறை வருவது போன்றவற்றைத் தம்மிடமிருந்த பட்டியலோடு ஒப்பிட்டுக் காட்டியவை. வேர்ட் 97 பதிப்பில்தான் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே இலக்கணப் பிழையின் கீழ் பச்சை நெளிகோடு விழத் தொடங்கியது. 2003இல் டேனியல் நாபர் தம் பட்டப்படிப்பு ஆய்வாகத் தொடங்கிய லேங்குவேஜ்டூல், இன்ன சொல்லுக்குப் பின் இன்ன வடிவம் வந்தால் பிழை என்று எழுதப்பட்ட விதிகளின் பெருந்தொகுப்பாக வளர்ந்தது. திறந்த மூல மென்பொருள் என்பதால் அந்த விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். 2009இல் உக்ரைனியர் மூவர் கிராமர்லியைத் தொடங்கினர். இன்றைய செயலிகள் விதிகளோடு, எடுத்துக்காட்டுகளிலிருந்து கணினி தானே கற்றுக்கொள்ளும் இயந்திரக் கற்றலையும் சேர்த்துக்கொண்டுள்ளன.

இயந்திரத்துக்குக் கற்பிக்க வேண்டுமானால் பிழையான வாக்கியமும் அதன் திருத்தமும் இணை இணையாகத் தேவைப்படும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய ஏறத்தாழ 1,400 கட்டுரைகளில் ஆங்கில ஆசிரியர்கள் பிழைகளைக் குறித்துத் தந்த தொகுப்பு இத்துறையில் பெரிதும் பயன்பட்டது. அதை வைத்து 2013இல், கணினி மொழியியல் ஆய்வாளர்களின் கோனெல் மாநாட்டையொட்டி நடந்த போட்டியில் ஆர்ட்டிகிள், பிரிப்பொசிஷன், பெயர்ச்சொல்லின் ஒருமை பன்மை, வினை வடிவம், எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள இயைபு ஆகிய ஐந்து வகைப் பிழைகள் மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன. அடுத்த ஆண்டில் எல்லா வகையும் சேர்க்கப்பட்டன. 2014 போட்டிக்கு வகுத்த மதிப்பெண் முறை கவனிக்கத்தக்கது: எத்தனை பிழைகளைப் பிடித்தது என்பதைவிட, சொன்ன திருத்தம் சரியாக இருந்ததா என்பதற்கே இருமடங்கு எடை தரப்பட்டது. சரியான வாக்கியத்தைப் பிழை என்று காட்டிவிட்டால் பயனர் செயலியையே நம்பாமல் போய்விடுவார் என்பதே இதற்குக் காரணம். ஆகவே, சந்தேகம் வந்தால் பேசாமல் இருப்பது இத்துறையில் வளர்த்தெடுக்கப்பட்ட பழக்கம். கோடு விழாத வாக்கியத்தைப் பிழையற்ற வாக்கியம் என்று எடுத்துக்கொள்வோர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

செயலி நன்றாகச் செய்யும் வேலைகளை முதலில் பார்க்கலாம். ‘டிட்’ வந்த பிறகும் இறந்தகால வினையையே எழுதுவது, அதாவது ‘டிட் யூ வென்ட்’, ‘ஹி டிடின்ட் கேம்’ என்பவை, உடனே அகப்படுகின்றன. கால உருபை ‘டிட்’ ஏற்றுக்கொண்டுவிட்டதால் வினை ‘கோ’, ‘கம்’ என்று தன் மூல வடிவத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ஆங்கிலத்தில் பன்மை ஏற்காத ‘இன்ஃபர்மேஷன்’, ‘ஃபர்னிச்சர்’, ‘அட்வைஸ்’, ‘எக்விப்மெண்ட்’ ஆகிய சொற்களுக்கு நாம் தாராளமாக ஒட்டிவிடும் ‘ஸ்’ விகுதியும் அவ்வாறே. ‘டிஸ்கஸ் அபவுட்’ என்பதில் ‘அபவுட்’டையும், ‘ரிடர்ன் பேக்’ என்பதில் ‘பேக்’கையும் அடித்துக் காட்டுகிறது, ‘லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ’ என்று எழுதினால் ‘மீட்டிங் யூ’ என்று மாற்றச் சொல்கிறது. ‘பிரிஃபர்’, ‘சீனியர்’, ‘சுப்பீரியர்’ ஆகியவற்றுக்குப் பின் ‘தேன்’ வராது, ‘டு’ வரும் என்பதையும் காட்டுகிறது. இவற்றையெல்லாம் ஆண்டுக்கணக்கில் ஆசிரியர்கள் சிவப்பு மையால் வட்டமிட்டு வந்தார்கள். இந்த வேலையை இயந்திரத்திடம் விட்டுவிடுவதில் இழப்பு ஏதும் இல்லை.

எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே வேறு சொற்கள் புகுந்துவிடும் வாக்கியங்களில் செயலியின் பயன் இன்னும் கூடுதல். ‘த லிஸ்ட் ஆஃப் கேண்டிடேட்ஸ் ஹேவ் பீன் பப்ளிஷ்ட்’ என்று எழுதுவோர் மிகப் பலர். வினைக்கு அருகில் ‘கேண்டிடேட்ஸ்’ என்னும் பன்மை உட்கார்ந்திருப்பதால் கை தானாக ‘ஹேவ்’ என்று எழுதிவிடுகிறது. வெளியிடப்பட்டது பட்டியல்தான் என்பதால் ‘ஹேஸ்’ என்றே வர வேண்டும். தமிழ் எழுத்து நடையில் ‘மரங்கள் விழுந்தன’ என்று இயைபு பார்த்தாலும், பேச்சில் ‘மரங்கள் விழுந்தது’ என்று அஃறிணைப் பன்மையை ஒருமை வினையோடு முடித்துப் பழகியவர்கள் நாம். அந்தத் தளர்ச்சி ஆங்கிலத்துக்குள்ளும் வந்துவிடுகிறது. ‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்’ என்பதும் இதற்கு உறவுதான். ஒரு கூட்டத்திலிருந்து ஒருவரை எடுத்துச் சொல்வதால் பெயர் ‘ஃபிரெண்ட்ஸ்’ என்று பன்மையாகவும், சொல்லப்படுபவர் ஒருவரே என்பதால் வினை ‘இஸ்’ என்று ஒருமையாகவும் இருக்க வேண்டும். செயலி இவ்விரண்டையும் பிடிக்கிறது. இடையில் நீண்ட துணை வாக்கியம் ஒன்று புகுந்தால் சில வேளை தடுமாறுகிறது.

‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் இதில் பிழைகள் இரண்டு. ‘ஐந்து ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன்’ என்று தமிழில் நிகழ்காலத்திலேயே முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில், முன்பு தொடங்கி இன்றுவரை தொடரும் செயலுக்கு ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’ வேண்டும். அடுத்து, தொடங்கிய புள்ளியைச் சொன்னால் ‘சின்ஸ்’, கழிந்த கால அளவைச் சொன்னால் ‘ஃபார்’. ஆகவே ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்பதே சரி. ஆண்டைச் சொல்வதானால் ‘சின்ஸ் 2019’ என்று எழுதலாம். செயலி முதலில் ‘சின்ஸ்’ஸை மட்டும் மாற்றச் சொன்னது, அதை ஏற்றுக்கொண்ட பிறகே வினையின் கீழ் அடுத்த கோடு விழுந்தது. ஒரு கோடு மறைந்ததும் வாக்கியம் முடிந்தது என்று நகர்ந்துவிடுபவர் பாதிப் பிழையோடு அனுப்பிவிடுவார்.

தப்பிவிடும் பிழைகளில் முதலில் வைக்க வேண்டியது ‘ஹேட்’. ‘போன வருடம் அங்கே போயிருந்தேன்’ என்பது குறையற்ற தமிழ். அதை அப்படியே ‘ஐ ஹேட் கான் தேர் லாஸ்ட் இயர்’ என்று எழுதுகிறோம். வடிவத்தில் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை, எனவே கோடும் விழாது. ஆனால், ஆங்கிலத்தில் ‘ஹேட் கான்’ என்பது கடந்த காலத்தில் நடந்த இன்னொன்றுக்கு முன்பே நடந்ததைச் சொல்லும் வடிவம். படிப்பவர் அந்த இன்னொன்று எங்கே என்று அடுத்த வாக்கியத்தில் தேடுவார், அது வராது. வெறுமனே போனதைச் சொல்ல ‘ஐ வென்ட் தேர் லாஸ்ட் இயர்’ போதும். நம் அலுவலகக் கடிதங்களில் ‘ஐ ஹேட் ஸ்போக்கன் டு ஹிம்’, ‘வி ஹேட் இன்ஃபார்ம்ட் யூ’ என்று வரிக்கு வரி ‘ஹேட்’ வருவதைப் பார்க்கலாம். அது கடிதத்துக்கு ஒரு கம்பீரம் தருவதாக எழுதுவோர் நம்புகிறார்கள் போலும். இத்தனைக்கும், இதன் மறுபக்கமான ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ என்பதைச் செயலி தவறாமல் பிடிக்கிறது, ஏனெனில் அங்கே ‘ஹேவ் சீன்’ என்பதோடு ஒட்டாத ‘யெஸ்டர்டே’ அதே வாக்கியத்துக்குள் கண்ணில் படுகிறது.

‘யூஸ்டு டு’ இன்னும் நயமாக ஏமாற்றும். நாள்தோறும் காலையில் நடக்கும் வழக்கமுள்ளவர் ‘ஐ யூஸ்டு டு வாக் எவ்ரி மார்னிங்’ என்று எழுதுகிறார். படிப்பவர் அவர் நடப்பதை நிறுத்திவிட்டதாகப் புரிந்துகொள்கிறார். இன்றும் தொடரும் வழக்கத்துக்கு ‘ஐ வாக் எவ்ரி மார்னிங்’ என்ற எளிய நிகழ்காலமே போதும். பழகிப்போனதைச் சொல்ல வேண்டுமானால் ‘ஐ ஆம் யூஸ்டு டு வாக்கிங்’ என்று வேறு அமைப்பு இருக்கிறது. எழுதியவர் இன்னும் நடக்கிறாரா இல்லையா என்பது செயலிக்குத் தெரிய வழியில்லை. வேலைக்கான விண்ணப்பத்தில் ‘ஐ யூஸ்டு டு ஹேண்டில் கஸ்டமர் கம்ப்ளெயிண்ட்ஸ்’ என்று தற்போதைய பொறுப்பை எழுதிவிட்டால், அந்தப் பொறுப்பு இப்போது அவரிடம் இல்லை என்றே பொருள்படும்.

இதே இனத்தில் ‘ஸ்டாப்’ என்னும் வினையும் அடங்கும். ‘ஹி ஸ்டாப்ட் டாக்கிங்’ என்றால் அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். ‘ஹி ஸ்டாப்ட் டு டாக்’ என்றால் பேசுவதற்காக நின்றார். ‘ஃப்யூ’ என்பதும் அப்படியே. ‘எ ஃப்யூ பீப்பிள் கேம்’ என்றால் சிலர் வந்தனர். ‘எ’யை விட்டுவிட்டு ‘ஃப்யூ பீப்பிள் கேம்’ என்றால் ஒரு சிலரே வந்தனர், வரவேண்டியவர் பலர் வரவில்லை என்னும் குறை தொனிக்கும். தமிழில் ‘சிலரே’ என்னும் ஏகாரம் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் ‘எ’ இல்லாமை செய்கிறது. நிகழ்ச்சி நன்றாக நடந்தது என்று எழுத வந்தவர் அந்த ஓரெழுத்தை விட்டதால் நிகழ்ச்சி தோற்றது என்று எழுதிவிட முடியும். அதற்குச் செயலியிடமிருந்து ஒரு சிணுங்கல்கூட வராது.

ஆர்ட்டிகிள்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரை முழுமையடையாது. ‘எ’ வருமா ‘அன்’ வருமா என்பது எழுத்தைப் பொறுத்ததன்று, ஒலியைப் பொறுத்தது. ‘அன் அவர்’, ‘எ யுனிவர்சிட்டி’, ‘அன் எம்பிஏ’. இதில் செயலி தடுமாறுவது அரிது. ஒருமைப் பெயருக்கு முன் ஆர்ட்டிகிளே இல்லாமல் ‘ஐ பாட் லேப்டாப்’ என்று எழுதினாலும் பிடித்துவிடும். ‘எ’ வர வேண்டுமா ‘த’ வர வேண்டுமா என்பதில்தான் அது கைவிரிக்கிறது. ‘ஐ பாட் எ லேப்டாப். எ லேப்டாப் இஸ் நாட் வொர்க்கிங்’ என்று எழுதிப் பார்த்தேன்; இரண்டாம் வாக்கியத்தில் வருவது முன்பு சொன்ன அதே லேப்டாப் என்பதால் ‘த லேப்டாப்’ என்றே வர வேண்டும், ஆனால் தனியாக எடுத்துப் பார்த்தால் அந்த வாக்கியத்தில் பிழையில்லை, செயலியும் பிழை காட்டவில்லை. ‘கோ டு ஸ்கூல்’ என்பது மாணவர் படிக்கப் போவது. பெற்றோர் ஆசிரியரைப் பார்க்கப் போனால் ‘கோ டு த ஸ்கூல்’. இரண்டும் சரியான ஆங்கிலம், போனவர் யார் என்பதே வேறுபாடு. நோயாளியாகச் சேர்வதைப் பிரிட்டிஷ் வழக்கில் ‘இன் ஹாஸ்பிடல்’ என்பார்கள், அமெரிக்க வழக்கில் அங்கும் ‘த’ வந்துவிடும். எனவே செயலியின் அமைப்புப் பக்கத்தில் எந்த ஆங்கிலத்தைத் தேர்ந்திருக்கிறோம் என்பதை ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம். பலரது செயலியில் அவர்கள் அறியாமலே அமெரிக்க ஆங்கிலம் இருக்கும், அவர்கள் எழுதுவதோ பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல்.

வாக்கியங்களை இணைக்கும் இடத்தில் செயலி பாதிக் கிணறு தாண்டுகிறது. ‘மழை பெய்தாலும், ஆனால் ஆட்டம் நிற்கவில்லை’ என்று தமிழில் எழுத மாட்டோம்; ஆங்கிலத்தில் மட்டும் ‘ஆல்தோ இட் ரெயின்ட், பட் த மேட்ச் கண்டின்யூட்’ என்று இரண்டு இணைப்புச் சொற்களையும் போட்டுவிடுகிறோம். ஒன்று போதும். செயலி இதைப் பிடிக்கிறது. ‘ஐ டோண்ட் நோ வேர் இஸ் ஹி’ என்பதையும், கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்கியதும் ‘வேர் ஹி இஸ்’ என்று வரிசை மாற வேண்டும் என்று சரியாகத் திருத்துகிறது. ‘வாக்கிங் டவுன் த ரோடு, த ட்ரீஸ் லுக்ட் பியூட்டிஃபுல்’ என்பதில்தான் அது ஏமாந்துபோகிறது. ‘சாலையில் நடந்து போகையில் மரங்கள் அழகாகத் தெரிந்தன’ என்பதில் நடந்தவர் யார் என்று தமிழ் கேட்பதில்லை. ஆங்கில அமைப்பிலோ அடுத்து வரும் எழுவாயே நடந்ததாகிவிடும், அதாவது மரங்கள் நடந்துவிடும். ‘ஆஸ் ஐ வாக்ட் டவுன் த ரோடு’ என்று நடந்தவரை வெளியே கொண்டுவந்துவிட்டால் பிழை நீங்கும். ஆய்வுக் கட்டுரைகளில் ‘யூசிங் திஸ் மெத்தட், த ரிசல்ட்ஸ் வேர் அப்டெயின்ட்’ என்ற வடிவில் இது எங்கும் இருக்கிறது. அங்கே பொருள் மயக்கம் குறைவு என்பதால் பத்திரிகை ஆசிரியர்கள் பலர் கண்டுகொள்வதில்லை.

பிழையே இல்லாத இடத்தில் கைவைப்பது தனிக் குறை. செயப்பாட்டு வினையைக் கண்டாலே செய்வினையாக மாற்றச் சொல்லும் பழக்கத்தை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ‘த சாம்பிள்ஸ் வேர் ஹீட்டட் டு 60 டிகிரி’ என்னும் ஆய்வக வாக்கியத்தில் சூடாக்கியவர் யார் என்பது யாருக்கும் வேண்டாத செய்தி. அதைச் செய்வினையாக்கினால் வாக்கியம் கெடும். ‘டு’வுக்கும் வினைக்கும் இடையே வேறு சொல் வரக்கூடாது, பிரிப்பொசிஷனில் வாக்கியம் முடியக்கூடாது என்பவை ஆங்கில நல்லெழுத்தாளர்கள் நெடுங்காலமாக மீறிவரும் விதிகள், பின்னதைக் குறையாகச் சொல்லித் தொடங்கிவைத்தவர் 1672இல் ஜான் டிரைடன். பாலினம் தெரியாத ஒருவரைக் குறிக்க ‘தே’ என்று எழுதினால் சில செயலிகள் இன்னும் முகம் சுளிக்கின்றன. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேட்டின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. ‘பிரீபோன்’ என்ற சொல்லுக்குக் கோடு விழுவதும் உண்டு. அது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இடம்பெற்ற சொல். எனினும், படிப்பவர் நம் வட்டாரத்துக்கு வெளியே இருப்பவரானால் வேறு சொல்லால் எழுதிவிடுவதே உத்தமம். இங்கே செயலியின் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

ஒரு சிறு மின்னஞ்சலை வைத்து இவையெல்லாம் சேர்ந்து எப்படித் தெரிகின்றன என்று காட்டுகிறேன். ‘ஐ ஹேட் செண்ட் த ரிப்போர்ட் ஆன் மண்டே. கைண்ட்லி ரிவர்ட் பேக் வித் யுவர் கமெண்ட்ஸ். ஐ வில் கம் டுமாரோ ஒன்லி.’ செயலி இரண்டாம் வாக்கியத்தில் ‘பேக்’கை மட்டும் நீக்கச் சொன்னது. ஆனால் ‘ரிவர்ட்’ என்பதற்குப் பதில் எழுதுதல் என்று நாம் கொள்ளும் பொருள் வெளியிடங்களில் வழங்குவதில்லை, பழைய நிலைக்குத் திரும்புதல் என்றே கொள்வார்கள் என்பதை அது சொல்லவில்லை. ‘ப்ளீஸ் ரிப்ளை’ என்றிருந்தால் எங்கும் செல்லும். முதல் வாக்கியத்தின் ‘ஹேட்’ அப்படியே நின்றது. மூன்றாம் வாக்கியத்தில் ‘நாளைக்குத்தான் வருவேன்’ என்பதன் தேற்றம் ‘ஒன்லி’யாகி வாக்கியக் கடைசியில் தொங்குகிறது, ‘ஐ வோண்ட் கம் அன்டில் டுமாரோ’ என்றால் சொல்ல வந்தது வரும். மூன்று வாக்கியத்தில் மூன்று குறைகள் எஞ்சியிருக்க, பக்கத்தின் மூலையில் பிழை ஏதும் இல்லை என்னும் பச்சைக் குறி எரிந்தது.

திருத்தத்தோடு வரும் விளக்கங்கள் பொதுவாகச் சுருக்கமானவை, ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பவை. இதுதான் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை. நேரத்தைக் குறிக்கும் பிரிப்பொசிஷன்களை எடுத்துக்கொள்வோம். ‘இங்கே வேறு பிரிப்பொசிஷன் பொருந்தலாம்’ என்ற அளவில் செயலி நின்றுவிடுகிறது. தமிழ் அறிந்த ஆசிரியராக இருந்தால் ‘ஐந்து மணிக்கு’ என்பதில் வரும் குவ்வுக்கு ‘அட்’, ‘திங்களன்று’ என்பதில் வரும் அன்றுக்கு ‘ஆன்’, ‘ஜூலையில்’ என்பதில் வரும் இல்லுக்கு ‘இன்’ என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். மூன்று அறைகளாகப் பிரித்துக்கொள்வதில் இரண்டு மொழிகளும் ஒத்துப்போகின்றன, ‘இரவில்’ என்பதற்கு ‘அட் நைட்’ என்று வருவது போன்ற சில விலக்குகளை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். தாய்மொழியைத் துணைக்கு அழைக்கும் இத்தகைய விளக்கம் இச்செயலிகளில் கிடைப்பதில்லை.

கேட்ட கேள்விக்குப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளிடம் அந்த விளக்கத்தைத் தமிழிலேயே கேட்டுப் பெறலாம் என்பது உண்மை. ஆனால் அவற்றிடம் திருத்தத்தை ஒப்படைத்தால், பிழையை மட்டும் நீக்காமல் வாக்கியத்தையே புதிதாக எழுதிவிடுகின்றன. ‘ஹேட்’ போய்விடும், கூடவே எழுதியவர் வைத்த அழுத்தமும் போய்விடும். ‘இலக்கணப் பிழைகளை மட்டும் திருத்து, சொற்களை மாற்றாதே, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் சொல்’ என்று தெளிவாகக் கேட்டால் நிலைமை தேறுகிறது.

பாதுகாப்பு பற்றி ஒரு சொல். உலாவி நீட்சியாக வரும் செயலிகள் பொதுவாக நாம் தட்டச்சு செய்வதை நிறுவனத்தின் வழங்கிக்கு (சர்வர்) அனுப்பியே சரிபார்க்கின்றன. மருத்துவ அறிக்கை, ஒப்பந்தம், வெளிவராத ஆய்வு போன்றவற்றை எழுதும் பக்கங்களில் நீட்சியை அணைத்துவைப்பதே முறை. லேங்குவேஜ்டூலின் திறந்த மூலப் பதிப்பைச் சொந்தக் கணினியிலேயே நிறுவிக்கொள்ள முடியும்; சற்றுத் தொழில்நுட்பப் பழக்கம் வேண்டும், ஆனால் எழுத்து கணினியை விட்டு வெளியே போகாது.

கட்டணப் பதிப்பு தேவையா என்று கேட்போருக்கு: மேலே நன்றாகப் பிடிபடுவதாகச் சொன்ன பிழைகளில் பெரும்பகுதிக்கு இலவசப் பதிப்பே போதும். கட்டணத்துக்குக் கிடைக்கும் கூடுதல் வசதிகளில் மிகுதியானவை நடை, தொனி, வாக்கிய மறுவடிவம் சார்ந்தவை. நான் மேலே தப்பிவிடுவதாகச் சொன்ன ‘ஹேட்’, ‘யூஸ்டு டு’, ‘எ ஃப்யூ’ ஆகியவை அவற்றாலும் தீருவதில்லை. நாள்தோறும் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் எழுதி, மற்றொருவரைக் கொண்டு படித்துப் பார்க்க வாய்ப்பில்லாதவருக்குக் கட்டணம் வீணாகாது. மொழியைக் கற்றுக்கொண்டிருக்கும் மாணவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தேர்வுக்கூடத்தில் கோடு போட்டுக் காட்ட யாரும் இருக்க மாட்டார்கள் என்பது ஒருபுறமிருக்க, ஒரே சொடுக்கில் திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிடுவதால் பிழை கண்ணில் தங்குவதே இல்லை.

பயன்படுத்துவோருக்கு என் பரிந்துரை இதுதான். எழுதும்போது செயலியை அணைத்துவிட்டு, எழுதி முடித்தபின் இயக்குங்கள். கோட்டைக் கண்டதும் சொடுக்காமல், திருத்தத்தைக் கையாலேயே தட்டச்சு செய்யுங்கள். செயப்பாட்டு வினை பற்றிய எச்சரிக்கையையும் தொனி பற்றிய பரிந்துரைகளையும் அமைப்புப் பக்கத்தில் நிறுத்திவிடலாம். பிறகு உலாவியில் பக்கத்துக்குள் தேடும் பெட்டியில் ‘ஹேட்’, ‘யூஸ்டு டு’, ‘ஃப்யூ’, ‘ஒன்லி’ என்று ஒவ்வொன்றாக இட்டு, அவை வரும் வாக்கியங்களை மட்டும் நிறுத்தி நிதானமாகப் படித்துப் பாருங்கள்.